முப்பத்தொன்றில் ஒன்று பச்சை

கலைமணி என்ன வேலை பார்க்கிறாள் என்று மல்லசமுத்திரத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. தெரியாது என்பதற்காக யாரும் சும்மா இருந்துவிடவுமில்லை. "கம்ப்யூட்டர்ல பூட்டு சரியா இருக்குதான்னு பாக்கற வேலைங்க" என்று அவளுடைய அப்பா நாச்சிமுத்து கல்யாண வீடுகளில் சொல்லி வைத்திருந்தார். கேட்டவர்கள், "அதுக்கெல்லாமா ஆளு வெச்சிருக்கறாங்க" என்று ஆச்சரியப்பட்டுவிட்டு, இலையில் அடுத்து என்ன விழுகிறது என்று பார்க்கப் போய்விடுவார்கள்.

நாச்சிமுத்து சொன்னது ஏறக்குறைய சரிதான். ஓர் இணையதளம் உண்மையானது, நடுவழியில் எவனும் ஒட்டுக்கேட்கவில்லை என்று உலகத்துக்குச் சொல்ல அந்தத் தளத்துக்கு ஒரு சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழைத் தருகிற சர்வர் ஒரு விசித்திரமான அதிகாரி. பட்டா கேட்காது, சிட்டா கேட்காது, ஆதார் கேட்காது, டீ செலவுக்கும் எதுவும் கேட்காது. "இந்தத் தளத்தின் பெயர் உன்னுடையதா? அப்படியானால் நான் தருகிற எண்ணை இணையத்தில் அந்தப் பெயருக்கென்று இருக்கிற ஏட்டில் ஒரு வரியாக எழுதி வை, வந்து பார்க்கிறேன்" என்று சொல்லும். வந்து பார்க்கும்போது வரி இருந்தால் போதும். எழுதியவர் சொந்தக்காரரா, பின்பக்கச் சுவரேறிக் குதித்தவரா என்றெல்லாம் விசாரிக்காது. யாரால் எழுத முடிகிறதோ அவரே சொந்தக்காரர்.

இந்தச் சடங்கைச் சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். மனிதன் என்றால் மறந்துவிடுவான். அதனால் ப்ளகின் என்றொரு குட்டி நிரலை எழுதி விடுகிறார்கள். அது போய் எண்ணை எழுத வேண்டும், அதிகாரி வந்து பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும், பார்த்ததும் எழுதியதை அழித்துவிட்டுத் திரும்ப வேண்டும். மூன்றே காரியம். அதைக்கூட உருப்படியாகச் செய்யாத ப்ளகின்கள் உலகமெங்கும் இருக்கின்றன. சில எழுதாமலேயே எழுதிவிட்டதாகச் சொல்லும். சில அதிகாரி வருவதற்குள் அழித்துவிட்டுக் கிளம்பிவிடும். ஒரு ப்ளகின், தான் எழுதிய வரியோடு சேர்த்து ஏட்டில் இருந்த அத்தனை வரிகளையும் துடைத்துப் போட்டுவிட்டு, கீழே கொட்டை எழுத்தில் 'வெற்றி' என்று அறிவித்தது. இந்த மாதிரி ஆசாமிகளைப் பிடித்துக் கொடுப்பதுதான் கலைமணியின் பிழைப்பு.

அதற்கேற்ற சுபாவமும் அவளுக்கு இருந்தது. காஸ் சிலிண்டரை மூடிவிட்டோமா என்று மூன்று தடவை பார்ப்பாள். பூக்காரி அளந்து கொடுத்த முழத்தைத் தன் கையால் இன்னொரு தடவை அளப்பாள். டவுன் பஸ்ஸில் 'செவ்வாய்ப்பேட்டை போகும்' என்று போர்டு போட்டிருந்தாலும் டிரைவரிடம் ஒருமுறை, கண்டக்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டுதான் ஏறுவாள். எந்த தேசத்திலிருந்தோ ப்ளகின் எழுதுகிறவர்கள் அவளுக்கு 'மிஸ்டர் கலைமணி' என்று விளித்து மின்னஞ்சல் போடுவார்கள். இவ்வளவு சந்தேகப்படுகிறவர் பெண்ணாக இருக்க முடியாது என்று நினைத்தார்களோ என்னவோ. அவள் திருத்தியதே இல்லை. அதையும் ஒரு சோதனையாகவே வைத்துக்கொண்டிருந்தாள், யார் எப்போது கண்டுபிடிக்கிறார்கள் பார்ப்போம் என்று.

இப்படி எல்லாவற்றையும் சோதித்த கலைமணி ஒரே ஒரு ஆளை மட்டும் சோதித்ததில்லை. அந்த ஆள் குழந்தைவேல்.

குழந்தைவேல் திருச்செங்கோட்டுப் பக்கம். அவளைவிட ஆறு வயது மூத்தவர். இருவரும் முதலில் சேலத்தில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தார்கள். கலைமணி தப்பு கண்டுபிடிப்பாள். அந்தத் தப்பைச் செய்தவனிடம் அவன் மனம் கோணாமல் போய்ச் சொல்லிவிட்டு வருவது குழந்தைவேலின் திறமை. அவர் பேசினால் வாங்கிக் கட்டிக்கொண்டவனே நன்றி சொல்லிவிட்டுப் போவான். ஆறு வருஷத்துக்கு முன்னால் இருவரும் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு தளம் தொடங்கினார்கள். உலகத்தில் யார் இந்த ப்ளகின் எழுதினாலும் இங்கே கொண்டுவந்து கொடுக்கலாம், சோதித்து மார்க் போட்டுத் தருவோம் என்பது ஏற்பாடு. 'சான்றுக்களம்' என்ற பெயர் அவள் வைத்தது. அட்டையாம்பட்டியில் பஸ் நின்று, முறுக்கு விற்கிறவர் ஜன்னல் வழியாகப் பாக்கெட்டை நீட்டிய நேரத்தில் தோன்றிய பெயர். முறுக்கை வாங்கி, அந்தப் பாக்கெட் மேலேயே எழுதி வைத்துக்கொண்டாள்.

ஆபீஸ் சேலம் செவ்வாய்ப்பேட்டையில், பொன்னன் என்பவரின் மிளகாய் மண்டிக்கு மேல்மாடி. கீழே மூட்டை பிரித்தால் மேலே தும்மல். வீடியோ காலில் பேசுவது குழந்தைவேல்தான், வெளிநாட்டுக்காரர்கள் அவரிடம் "உடம்பு சரியில்லையா" என்று கேட்டுக் கேட்டு, பிறகு கேட்பதையே விட்டுவிட்டார்கள்.

சான்றுக்களம் என்ற பெயரைப் பதிவு செய்த நாளை இங்கே சொல்லியாக வேண்டும். கலைமணிதான் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். அவளுடைய கார்டுக்கு ஓடிபி வரவில்லை. ஜன்னலோரம் போய் நின்றாள், மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தாள், வரவில்லை. குழந்தைவேல் தன்னுடைய கார்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"என்ற பேர்லயே போட்டுரலாம் அம்மிணி. யார் பேர்ல போட்டா என்ன?"

"அதானுங்கண்ணா, யார் பேர்ல போட்டா என்ன" என்று கலைமணியும் சொன்னாள்.

வேறு ஊர்ப் பெண்ணாக இருந்தால் இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருப்பாள். கலைமணி ரிக் வண்டிக்காரர் மகள். அவள் அப்பா இருபத்திரண்டு வருஷம் ஒரு போர்வெல் ரிக்கில் பங்கு வைத்திருந்தார். பங்குக்காரர்கள் ஐந்து பேர். ஆர்.சி. புக் செங்கோட்டையன் என்ற ஒருவர் பேரில். அவர் பேருக்குத்தான் ஃபைனான்ஸ் கிடைத்தது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. வண்டி மத்தியப் பிரதேசத்துக்குப் போனது, ஒடிசாவுக்குப் போனது, காட்டுக்குள் மாட்டிக்கொண்டு இரண்டு மாதம் நின்றது. ஒருநாளும் செங்கோட்டையன், "வண்டி என் பேர்ல இருக்குது" என்று வாயைத் திறந்ததில்லை. திறக்கவும் முடியாது. அவர் பிள்ளைக்குப் பெண் எடுத்தது நாலாவது பங்குக்காரர் வீட்டில். சுற்றுவட்டாரத்தில் பாதி ரிக்குகள் இப்படித்தான் ஓடின. எழுதி வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்பதுதான் அங்கே அவமரியாதை. கேட்டவனை அடுத்த வண்டியில் பங்கு சேர்க்க மாட்டார்கள்.

அந்த வழக்கத்தைக் கலைமணி இணையத்துக்குக் கொண்டுவந்தாள். காகிதம் இல்லை, கையெழுத்து இல்லை, ஸ்டாம்ப் இல்லை. பத்தாயிரம் வரி நிரலில் ஒரு காற்புள்ளி இடம் மாறியதைக் கண்டுபிடிக்கிறவளுக்கு இது கண்ணில் படவேயில்லை. பட்டிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள்.

ஆனால் வேறொரு விஷயத்தில் கவனமாக இருந்தாள். சோதனைக்கு வருகிற முன்பின் தெரியாத ப்ளகின்கள் கையிலெல்லாம் பெயரேட்டின் முழுச் சாவியைக் கொடுப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. எனவே ஒருநாள் ஏட்டில் ஒரு குறிப்பு எழுதினாள்: 'சான்றுக்கான எண்ணை இங்கே தேடாதே, பக்கத்துப் பெட்டியில் போய்ப் பார்.' அந்தப் பெட்டி வேறொரு சின்னப் பெயர். அதற்குத் தன் அம்மா பாவாயியின் பெயரையே வைத்துப் பதிவு செய்தாள். அன்றைக்கு ஓடிபி வந்தது.

குழந்தைவேல் சிரித்தார். "ஊட்டுச் சாவியக் குடுக்க மாட்டீங்க, மாட்டுக்கொட்டாய் சாவியக் குடுப்பீங்களா?"

"திருடன் வந்தா மாட்டுக்கொட்டாயோட போயிரட்டுங்கண்ணா."

அந்தப் பெட்டி வழியைப் பயன்படுத்தத் தெரிந்த ப்ளகின் ஒன்றே ஒன்றுதான் வந்தது. பட்டியலில் கடைசி. மற்ற முப்பதும் முழுச் சாவியைக் கொடுத்தால்தான் வேலை செய்வேன் என்று அடம்பிடிக்கிற ரகம். வேறு வழியில்லாமல் அவற்றுக்கு ஏட்டில் ஆளுக்கொரு கிளைப்பெயரும் தனி இடமும் ஒதுக்கிச் சாவியைக் கொடுத்தாள், தினமும் அதை மாற்றினாள். காலை பத்து மணிக்கு முப்பத்தொன்றையும் வரிசையாக ஓடவிடுவாள். அசல் சான்றிதழ் தருகிற சர்வரைத் தினமும் போய்த் தொல்லை செய்ய முடியாது, வாரத்துக்கு இத்தனைதான் என்று கணக்கு வைத்திருக்கிறது. அதனால் ஒத்திகைக்கென்றே இருக்கிற சர்வரிடம் போவாள். அது தருகிற சான்றிதழை எந்த பிரௌசரும் மதிக்காது. ஆனால் சடங்கு ஒன்றே. சரியாக நடந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. பச்சை விழ விழ டீ குடிப்பாள். பச்சையோடு ஒரு வாசகமும் வரும்: 'உரிமை சரிபார்க்கப்பட்டது.' ஆறு வருஷமாக, விடுமுறை நாள் தவிர, தினமும் முப்பத்தொரு தடவை, இந்தப் பெயர் உன்னுடையதுதான் என்று இயந்திரம் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தது. இவ்வளவு தடவை சொன்னால் யாராக இருந்தாலும் நம்பிவிட மாட்டார்களா?

ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு முப்பது சிவப்பு விழுந்தது.

டீ டம்ளர் கையிலேயே இருந்தது. கடைசி ஒன்று மட்டும் பச்சை. அதைப் பார்த்து, இது ஒன்றாவது ஒழுங்காக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள். ஏன் இருக்கிறது என்று நினைக்கவில்லை. முப்பதும் ஒரே பிழையைச் சொல்லின: 'இந்தப் பெயர் உங்கள் கணக்கில் இல்லை.' மறுபடி ஓட்டினாள். மறுபடி சிவப்பு. நேற்று தான் ஏதாவது மாற்றினோமா என்று பார்த்தாள். மாற்றவில்லை. முதலில் ப்ளகின்களைச் சந்தேகப்பட்டாள், பிறகு தன்னைச் சந்தேகப்பட்டாள், பிறகு இன்டர்நெட் கனெக்‌ஷனைச் சந்தேகப்பட்டு மோடத்தை அணைத்துப் போட்டாள். சந்தேகப்படுவதற்கு ஆள் தீர்ந்துபோனதும் குழந்தைவேலுக்கு போன் போட்டாள். அவர் சென்னையில் இருந்தார். இரண்டு மாதமாகவே அடிக்கடி சென்னையில்தான் இருந்தார், ஏதோ கருத்தரங்கு என்று.

"அண்ணா, காலையில எல்லாமே சிவப்புங்க. பேரு கணக்குல இல்லைன்னு சொல்லுது."

"அட, சொல்ல மறந்துட்டேன் அம்மிணி. ஏட்டை வேற சர்வருக்கு மாத்தியிருக்கேன். பரவறதுக்கு நேரமாகுமல்ல. நாப்பத்தெட்டு மணி நேரம் ஒண்ணும் தொடாதீங்க."

"அப்பறம் சரியாயிருமாங்க?"

"தன்னால சரியாயிரும். நீங்க ரெண்டு நாள் ஊட்டுல இருங்க. எப்பப் பாத்தாலும் வேலை வேலைன்னுட்டு."

பெயரேட்டில் ஒன்றை மாற்றினால் அது உலகமெல்லாம் பரவக் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் 'கணக்கில் இல்லை' என்ற பிழைக்கும் பரவுவதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இதைக் கலைமணியே எத்தனையோ பேருக்கு, படம் போட்டு விளக்கி, மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறாள். ப்ளகின் எழுதுகிற எவனாவது இந்தச் சாக்கைச் சொல்லியிருந்தால் ஒரே வரியில் கிழித்துத் தொங்கவிட்டிருப்பாள். சொன்னது குழந்தைவேலண்ணன். லேப்டாப்பை மூடினாள். முப்பது ப்ளகின்காரர்களுக்கும், 'உங்கள் மேல் தவறில்லை, எங்கள் பக்கத்தில் மாற்றம் நடக்கிறது, பொறுத்துக்கொள்ளவும்' என்று எழுதி அனுப்பினாள். அப்புறம் சொன்னபடியே வீட்டுக்குப் போய் வியாழக்கிழமை முழுவதும் இருந்தாள். துவரம்பருப்பில் கல் பொறுக்கினாள். பருப்பில் கல்லே இல்லை. இருந்தும் பொறுக்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் ஆபீஸ் படி ஏறும்போது கீழே பொன்னன் கல்லாவில் இருந்து தலையை நீட்டினார்.

"என்னைக்கும்மா காலி பண்றீங்க? மாடியில சரக்கு போடணும், ஆளுங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"எதைக் காலி பண்றதுங்க?"

"ரூமைத்தான். உங்க பார்ட்னர் போன மாசமே வந்து சொல்லிட்டாரே." பொன்னன் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தராசைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்" என்று தராசிடம் சொன்னார்.

மாடிக்குப் போய் உட்கார்ந்தாள். ப்ளகின்களை ஓடவிடவில்லை. புதன்கிழமையே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இப்போது கேட்டாள்: முப்பது சிவப்பாக இருக்கும்போது ஒன்று மட்டும் ஏன் பச்சை? ஏடு கெட்டுப்போயிருந்தால் பெட்டியைக் காட்டுகிற குறிப்பும் கெட்டுப்போயிருக்கும், கடைசி ப்ளகினும் தோற்றிருக்கும். அது ஜெயிக்கிறது. அப்படியானால் ஏடு நன்றாகத்தான் இருக்கிறது. இருக்கிற இடம்தான் வேறு. அவளுடைய சாவி சேராத ஒரு வீட்டில் அது இருக்கிறது. எடுத்துப் போனவர்கள், அதில் இருந்த எல்லாவற்றையும், என்ன ஏது என்று பார்க்காமல், வரி பிசகாமல் படியெடுத்து ஒட்டியிருக்கிறார்கள். பெட்டிக் குறிப்பும் அதோடு போயிருக்கிறது.

பெயர்களின் பதிவேடு யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியது. பார்த்தாள். செவ்வாய்க்கிழமை மதியம் கைமாறியிருந்தது. சான்றுக்களம் தளத்தைத் திறந்தாள். அடியில் சென்னைக் கம்பெனி ஒன்றின் பெயர் வந்திருந்தது. 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தில் இரண்டு பெயர்கள் இருக்கும். இப்போது ஒன்றுதான் இருந்தது, அதுவும் பெரிய படத்தோடு. குழந்தைவேல் கோட்டுப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி சற்றே திரும்பி நின்றார். கீழே இப்படி இருந்தது: 'சேலத்தில் ஒரு மிளகாய் மண்டியின் மாடியில், நெடியில் தும்மிக்கொண்டே, தனியாளாக இந்தக் களத்தை உருவாக்கியவர்.'

தும்மலையுமா எடுத்துக்கொண்டு போவார்கள் என்று கலைமணிக்குத் தோன்றியது. அப்புறம்தான் அந்த ஒரு சொல் உறைத்தது. தனியாளாக. திரும்பப் படித்தாள். எழுத்துப்பிழை ஏதும் இல்லை.

போன் போட்டாள். இந்தத் தடவை உடனே எடுத்தார். எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

"பரவிருச்சுங்கண்ணா" என்றாள்.

"அம்மிணி, நானே நேர்ல வந்து சொல்லலாம்னு..."

"பொன்னங்கிட்டச் சொல்ல நேரம் இருந்திருக்குது."

"கோவப்படாம கேளுங்க. பெரிய எடம். நம்ம மண்டியில உக்காந்துக்கிட்டு இன்னும் எத்தனை வருசம்? உங்களுக்கும் அங்க ஒரு வேலை கேட்டிருக்கேன். டெஸ்டிங்குக்கு அவங்க மெசினே வெச்சிருக்கறாங்களாம், அதனால ஒடனே இல்ல. கொஞ்ச நாள் போகட்டும்."

"அதுக்கும் நாப்பத்தெட்டு மணி நேரம் ஆகுங்களா?"

"சட்டப்படி பாத்தா பேரு என்ற பேர்லதான் இருந்துச்சு" என்றார், அடுத்தவர் விஷயத்தைப் பேசுகிற மாதிரி.

"யார் பேர்ல போட்டா என்னன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அதத்தான் இப்பவும் சொல்றேன். யார் பேர்ல போட்டா என்ன, வேலை நடந்தாச் சரி."

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளைத் தலையாட்டவைத்த அதே வாசகம். எழுத்து மாறவில்லை. கலைமணி போனை வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான், திட்டுவதற்காகத் தேடி வைத்திருந்த சொற்கள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். நாச்சிமுத்து முழுசாகக் கேட்டார். ப்ளகின், பெட்டி எல்லாம் அவருக்குப் பிடிபடவில்லை. பேர் ஒருத்தர் பேரில் இருந்தது என்கிற இடம் மட்டும் பிடிபட்டது.

"எழுதி வாங்கலயா சாமி?"

"நீங்க வாங்குனீங்களா?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரிக்கா இருந்தா நாலு பேரு போயி குமாரபாளையம் டோல்கேட்டுல வண்டிய மறிச்சு நிறுத்திப்போடலாம். இத எந்த ரோட்டுல போயி நிறுத்தறது?" துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "செங்கோட்டையன் அப்படிப் பண்ணமாட்டானே" என்றார். அது ஆறுதலா, குறையா என்று அவளுக்குத் தெரியவில்லை. செங்கோட்டையனை இரண்டு வருஷத்துக்கு முன்பே எரித்தாகிவிட்டது.

சனிக்கிழமை ஆபீஸில் சாமான்களைக் கட்டப் போனவள் ஒருமுறை லேப்டாப்பைத் திறந்தாள். கடைசி ப்ளகினை மட்டும் ஓடவிட்டாள். அது பாவாயியின் பெட்டிக்குப் போய் எண்ணை எழுதியது. ஒத்திகை சர்வர் ஏட்டைப் பார்த்தது, ஏடு பெட்டியைக் கைகாட்டியது, பெட்டியில் எண் இருந்தது. பச்சை. 'உரிமை சரிபார்க்கப்பட்டது.'

பெயரைப் பறிகொடுத்து நாலு நாள் ஆகிறது. இயந்திரத்துக்குத் தகவல் போகவில்லை. அதன் கணக்கில் இன்னும் அவள்தான் சொந்தக்காரி.

ஒத்திகை சர்வர் என்றிருக்கும் ஒரு வரியை மாற்றி அசல் சர்வர் என்று போட்டால், உலகம் முழுதும் நம்புகிற அசல் சான்றிதழ் சான்றுக்களத்தின் பெயரில் அவள் கைக்கு வந்துவிடும். அதை வைத்துக்கொண்டு, சான்றுக்களம் என்றே போலித் தளம் நடத்துவது முதல், ஒருத்தர் என்னவெல்லாம் செய்யலாம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதைச் செய்ய விடாமல் பார்ப்பதுதான் ஆறு வருஷமாக அவள் தொழில். அந்த வரியை மாற்றினாள். விரல் பொத்தான் மேலேயே இருந்தது. கீழே யாரோ மூட்டையைப் பிரித்தார்கள். தும்மல் வந்தது. மூன்று தும்மல் முடிந்து நிமிர்ந்தபோது கண்ணெல்லாம் நீராக இருந்தது. அது மிளகாய்க்காகத்தான் என்று வைத்துக்கொள்வோம். வரியைப் பழையபடி மாற்றிவிட்டாள்.

பிறகு வழக்கம்போலப் பிழை அறிக்கை எழுதினாள். 'ஒன்று: உங்கள் ஏட்டில் பழைய பெட்டிக் குறிப்பு இருக்கிறது. பெட்டி வெளியாள் ஒருவருடையது. அவர் நினைத்தால் உங்கள் பெயரில் சான்றிதழ் எடுக்கலாம். உடனே நீக்கவும். இரண்டு: எங்களைப் பற்றி என்ற பக்கத்தில் மூன்றாவது வரியில் தனியாளாக என்ற சொல் தவறு.' பாதுகாப்புக் குறைகளைத் தெரிவிக்க என்று தளத்தில் போட்டிருந்த மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பினாள்.

மேசைமேல் இருந்த அவளுடைய போன் கிணுங்கியது. புதிய மின்னஞ்சல். திறந்து பார்த்தால் அவள் எழுதிய அறிக்கை.

அந்த முகவரிக்கு வருவதெல்லாம் தன் போனுக்கு வரட்டும், பதிலும் அந்த முகவரியிலிருந்தே போகட்டும் என்று ஆறு வருஷத்துக்கு முன் அவள்தான் ஏற்பாடு செய்திருந்தாள். அதையும் வரி பிசகாமல் படியெடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அறிக்கையை ஒரு தடவை படித்தாள். நன்றாக எழுதியிருந்தது. 'தகவலுக்கு நன்றி, கவனிக்கிறோம்' என்று பதில் போட்டாள். அதுவும் வந்து சேர்ந்தது.

இனி வேறு வழியில்லை என்று, தளத்தின் அடியில் இருந்த எண்ணைக் கூப்பிட்டாள். செந்தமிழன் என்று ஒருவர் எடுத்தார். சென்னைக் குரல், சனிக்கிழமையும் வேலைக்கு வரவைக்கப்பட்ட குரல். முதல் பிழையை அவள் சொல்லச் சொல்ல அந்தக் குரல் விழித்துக்கொண்டது.

"மேடம், இதை மெயில்ல போட்டிருக்கலாமே?"

"போட்டனுங்க."

"எங்களுக்கு வரலையே."

"வந்து சேந்துருச்சுங்க. கவனிக்கறோம்னு பதிலே வந்துருச்சு."

"யாரு போட்டாங்கன்னு தெரியலையே... சரி, விடுங்க. நீங்க யாரு மேடம்?"

கலைமணி யோசித்தாள். இந்தக் கேள்விக்கு ஆறு வருஷமாக அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. "டெஸ்டிங் பண்றவங்க" என்றாள். "ரெண்டாவது ஒரு பிழையும் இருக்குதுங்க, எழுதிக்குங்க." சொன்னாள்.

பதினோரு நிமிஷத்தில் செந்தமிழன் திரும்பக் கூப்பிட்டார். "குறிப்பை எடுத்துட்டோம் மேடம், ரொம்ப தேங்க்ஸ். அந்த ரெண்டாவது... சாரைக் கேட்டேன். அது பிழை இல்ல, அப்படியே இருக்கட்டும்னு சொல்லிட்டாரு."

"சாருன்னா குழந்தைவேல் சாருங்களா?"

"ஆமா மேடம். தெரியுமா அவரை?"

"தெரியும்னு நெனச்சிருந்தனுங்க."

எந்தத் திருத்தத்தையும், திருத்தியாகிவிட்டது என்று வாயால் சொன்னதற்காக அவள் நம்புவதில்லை. மறுபடி ஓட்டிப் பார்ப்பாள். கடைசி ப்ளகினை ஓட்டினாள். அது பெட்டிக்குப் போனது, எண்ணை எழுதியது, காத்திருந்தது. அதிகாரி வந்து ஏட்டைப் பார்த்தது. கைகாட்டக் குறிப்பு இல்லை. சிவப்பு. 'உரிமை சரிபார்க்க இயலவில்லை.' ப்ளகின் எழுதிய எண்ணை அழித்துவிட்டுத் திரும்பியது.

அறிக்கையில், 'திருத்தம் சோதிக்கப்பட்டது. எதிர்பார்த்தபடி தோல்வி' என்று எழுதி முடித்தாள். அவள் எழுதியவற்றிலேயே மிகச் சரியான வரி அதுதான். முப்பத்தொன்றும் சிவப்பாகிவிட்டன.

தன் போனுக்கு வருகிற மின்னஞ்சலைப் பற்றி மட்டும் அவள் செந்தமிழனிடம் சொல்லவில்லை. பதினோரு நிமிஷம் முழுக்க நாக்கு நுனியில்தான் இருந்தது. 'அது பிழை இல்ல, அப்படியே இருக்கட்டும்' என்று சொன்ன பிறகு உள்ளே போய்விட்டது.

திங்கட்கிழமை அட்டையாம்பட்டியில் பஸ் நின்றிருந்தபோது போன் கிணுங்கியது. லேப்டாப்பும் ஒரு டீ டம்ளரும் இருந்த பை மடியில் இருந்தது. சேலத்தில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர் வேலைக்கு ஆள் கேட்கிறார்கள் என்று போய்க்கொண்டிருந்தாள். எங்கோ பனி பெய்கிற ஊரிலிருந்து ஒரு ப்ளகின்காரர் சான்றுக்களத்தின் பாதுகாப்பு முகவரிக்கு எழுதியிருந்தார். 'என் ப்ளகின் உங்கள் தளத்தில் ஐந்து நாளாகத் தோல்வி என்று காட்டுகிறது. நீங்கள் அறிவித்திருக்கும் புது மெசின் தப்பாக மார்க் போடுகிறது என்று நினைக்கிறேன். இதற்கு முன் மிஸ்டர் கலைமணி என்று ஒருவர் பார்ப்பார். கண்டிப்பானவர், ஆனால் அவர் தவறியதில்லை. அவர் எங்கே? எப்போது சரியாகும்?'

ஜன்னல் வழியாக முறுக்குப் பாக்கெட் நீண்டது. வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பஸ் கிளம்பியதும் பதில் எழுதினாள்.

'ஏடு மாற்றப்பட்டுள்ளது. பரவுவதற்கு நேரமாகும். நாற்பத்தெட்டு மணி நேரம் எதையும் தொடாமல் காத்திருக்கவும். இப்படிக்கு, குழந்தைவேல்.'

அனுப்பிவிட்டு, சிரிப்பு வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை. கண்டக்டரைக் கூப்பிட்டு, இந்த பஸ் சேலம்தானே போகிறது என்று இன்னொரு தடவை கேட்டாள்.